விலை குறைந்த யுகுலேலே வாங்கப் போகிறீர்களா? முதலில் நட்டைப் பாருங்கள்

யுகுலேலே வாங்கலாம் என்று இருக்கிறேன், எந்தக் கம்பெனி நல்லது? பெரும்பாலானவர்கள் என்னிடம் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு யுகுலேலே, அதாவது நான்கு தந்தி வைத்த சின்னக் கிட்டார் மாதிரியான வாத்தியம், சொல்லித்தருகிறேன். வகுப்பில் சேருவதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும். ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் குறைந்த விலைக் கருவிகளில் ஒரே கம்பெனி, ஒரே மாடல், இரண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தால்கூட ஒன்று சுத்தமாகப் பேசும், இன்னொன்று ஒவ்வொரு கார்டிலும் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது) அபஸ்வரம் தட்டும். பெயர் தெரிந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். கையில் வந்த அந்த ஒரு கருவியைச் சோதிக்கத் தெரிய வேண்டும். அதற்குப் பெரிய அனுபவம் வேண்டாம். போனில் சுருதி காட்டும் ஒரு ட்யூனர் செயலி, ஒரு ஏடிஎம் கார்டு, ஒரு ஸ்கேல், பதினைந்து நிமிடம் இருந்தால் போதும்.

விலை குறைவு என்பது இந்த வாத்தியத்துக்கு இழுக்கு இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1879-ல் போர்ச்சுகலின் மதேய்ரா தீவிலிருந்து ராவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஹவாய்க்குப் பிழைக்க வந்தவர்களோடு வந்ததுதான் இதன் மூதாதையான சின்ன வாத்தியம். அதே கப்பலில் வந்த மனுவேல் நூனிஸ், அகஸ்டோ டயஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்ற மூன்று மரவேலைக்காரர்கள்தான் ஹொனலூலுவில் கடை போட்டு, அங்கே விளைந்த கோவா என்ற மரத்தில் இதைச் செய்து விற்றார்கள். எளிய மக்கள் எளிய மக்களுக்காகச் செய்த வாத்தியம். கையில் இருக்கும் காசுக்கு நல்லதாக ஒன்று வாங்க நினைப்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

சரி, விலை குறைந்த யுகுலேலேயிடம் என்ன எதிர்பார்க்கலாம்? சுருதி சேர்த்தால் நிற்க வேண்டும். ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில், தந்தியை அழுத்தினால் அந்த ஸ்வரம் சரியாக வர வேண்டும். அழுத்தும்போது விரல் நோகக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். மினுமினுப்பு, ஒலித்துளையைச் சுற்றி வேலைப்பாடு, பையோடும் பட்டையோடும் வரும் செட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எந்த அளவு

இதில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். சொப்ரானோ என்பது மொத்தம் 21 அங்குலம், கான்செர்ட் 23, டெனோர் 26. இந்த மூன்றுக்கும் ஒரே சுருதிதான்: ஜி, சி, ஈ, ஏ. பாரிடோன் 30 அங்குலம் இருக்கும். அதற்கு டி, ஜி, பி, ஈ என்று சுருதி சேர்ப்பார்கள், அதாவது கிட்டாரின் கீழ் நான்கு தந்திகள் மாதிரி. முதல் யுகுலேலேயாக பாரிடோன் வாங்காதீர்கள். நீங்கள் பார்க்கப்போகிற பாடங்களில் முக்கால்வாசி மற்ற மூன்று அளவுக்காகத்தான் இருக்கும்.

சின்னப் பிள்ளைகளுக்கு சொப்ரானோ. பெரியவர்களுக்கு கான்செர்ட் வசதி, ஃப்ரெட்டுகளுக்கு நடுவே விரல் வைக்கக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும். ஆனால் விரல் தடிமனாக இருப்பவர்கள் சொப்ரானோ வாசிக்கவே முடியாது என்று சொல்வதை நம்ப வேண்டாம். உடம்பில் பெரியவர்கள் எத்தனையோ பேர் சொப்ரானோவில் அழகாக வாசிக்கிறார்கள். கடையில் இரண்டையும் மடியில் வைத்துப் பாருங்கள், கை எது வேண்டும் என்று சொல்லிவிடும்.

நட்: எல்லாக் குழப்பமும் தொடங்கும் இடம்

கழுத்தின் உச்சியில், தலைப்பகுதிக்கும் ஃப்ரெட் போர்டுக்கும் நடுவில், பிளாஸ்டிக்கிலோ எலும்பிலோ செய்த வெள்ளையான சின்னப் பட்டை ஒன்று இருக்கும். அதில் நான்கு பள்ளங்கள் வெட்டியிருக்கும், தந்திகள் அதில் உட்கார்ந்துதான் கழுத்துக்கு வரும். அதுதான் நட். குறைந்த விலை யுகுலேலேக்களில் நான் பார்க்கிற கோளாறுகளில் மிக அதிகமானது இங்கேதான்: பள்ளம் போதிய ஆழம் இல்லாமல் தந்தி உயரத்தில் நிற்கும்.

அதனால் என்ன ஆகும்? முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது தந்தி அதிக தூரம் கீழே இறங்கி வர வேண்டும். இறங்கும்போது அது இழுபடும், இழுபட்டால் இறுகும், இறுகினால் சுருதி ஏறும். யுகுலேலேயில் தந்தி குட்டை. சொப்ரானோவில் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் வரை 2 செ.மீ. கூட இருக்காது. அவ்வளவு சின்ன இடத்தில் அரை மில்லிமீட்டர் உயரம் கூடினாலும் காதுக்குத் தெரியும். மேலே போகப் போக, 5-வது ஃப்ரெட், 7-வது ஃப்ரெட் என்று வரும்போது இந்தக் கோளாறு குறைந்துவிடும். ஆனால் புதிதாகக் கற்பவர் எங்கே வாசிப்பார்? முதல் மூன்று ஃப்ரெட்டுகளில்தான். கருவியின் மிக மோசமான இடத்தில், மிக மென்மையான விரல்களை வைத்து அவர் தொடங்குகிறார்.

தொழிற்சாலையில் இதை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்றால், பள்ளம் ஒரு முடி அளவு அதிகமாக ஆழமாகிவிட்டால் தந்தி முதல் ஃப்ரெட்டில் உரசி ஜிர் என்று சத்தம் போடும், கருவி திரும்பி வரும். ஒவ்வொன்றாகக் கையால் அரம் போட்டுச் சரிபார்க்க நேரம் ஆகும், அந்த நேரத்துக்குக் காசு வேண்டும். ஆகவே உயரமாகவே விட்டு அனுப்பிவிடுவது அவர்களுக்குப் பாதுகாப்பு. அந்தச் செலவு மிச்சம்தான் விலைக் குறைவின் ஒரு பகுதி.

இப்போது சோதிக்கும் விதம். முதலில் நான்கு தந்திகளையும் ட்யூனரில் சரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு தந்தியை 2-வது, 3-வது ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேலே கண்ணை ஓரமாக வைத்துப் பாருங்கள். தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைகிற அளவு இடைவெளி தெரிந்தால் அருமை. தந்தி ஃப்ரெட்டைத் தொட்டுக்கொண்டே இருந்தால் பள்ளம் ஆழம் கூடிவிட்டது. வெளிச்சம் பளிச்சென்று தெரிகிற இடைவெளி என்றால் உயரம். நான்கு தந்திக்கும் தனித்தனியாகப் பாருங்கள். மூன்று சரியாக இருந்து ஒன்று மட்டும் உயர்ந்திருப்பது சகஜம்.

ஏடிஎம் கார்டு வைத்தும் பார்க்கலாம். அதன் கனம் 0.76 மி.மீ. தந்தியை அழுத்தாமல், முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே கார்டின் ஓரத்தை மெதுவாக நுழைத்துப் பாருங்கள். தந்தி கொஞ்சம் மேலே எழும்பினால் உயரம் அதற்குக் கீழேதான் இருக்கிறது என்று அர்த்தம். கார்டு எதையும் தொடாமல் தாராளமாகப் போய்வந்தால் அந்த நட்டில் வேலை இருக்கிறது. முதல் ஃப்ரெட்டின் மேல் அரை மில்லிமீட்டர் சுமார் இருந்தால் விரலுக்கும் சுகம், சுருதிக்கும் சுகம்.

காதால் சோதிக்க எஃப் கார்டைப் போல் வேறு கிடையாது. ஜி தந்தியில் 2-வது ஃப்ரெட், ஈ தந்தியில் முதல் ஃப்ரெட், மற்ற இரண்டும் திறந்தபடி, அதாவது விரல் வைக்காமல். இந்தக் கார்டில் ஒரு விசேஷம் உண்டு. ஜி தந்தியின் 2-வது ஃப்ரெட்டும் திறந்த ஏ தந்தியும் ஒரே ஸ்வரம், ஒரே ஸ்தாயி. நட் சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்து ஒரே குரலாகக் கேட்கும். நட் உயரமாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு அலை ஓடும், வாங் வாங் என்று. ஈ தந்தியின் முதல் ஃப்ரெட் வேறு தனியாக ஏறி நிற்கும். திறந்த தந்திகள் நான்கும் ட்யூனரில் பச்சை காட்டும், சி கார்டு நன்றாகவே இருக்கும், எஃப் வந்ததும் முகம் சுளிக்கத் தோன்றும். நட் கோளாறு என்றால் பெரும்பாலும் இப்படித்தான் வெளிப்படும்.

என்னிடம் ஒரு சிறுமி வந்தாள். பாட்டெல்லாம் அழகாகப் பாடுவாள், ஆனால் எஃப் கார்டு வரும் இடத்தில் குரல் தடுமாறும், வாசிப்பதை நிறுத்திவிடுவாள். ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்: "மிஸ், என் காதுலதான் கோளாறா?" அவள் கையிலிருந்து யுகுலேலேயை வாங்கிப் பார்த்தேன். ஈ தந்தியின் கீழே ஏடிஎம் கார்டு தாராளமாகப் போய்வந்தது. ட்யூனரை மாட்டி முதல் ஃப்ரெட்டை அழுத்தினால் எஃப் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி முள் வலது பக்கம் நன்றாகவே சாய்ந்தது. விரல் நுனியில் தந்தி பதிந்த கோடு வேறு சிவந்து கிடந்தது. அந்தப் பள்ளங்களை அரம் போட்டு இறக்கிக் கொடுத்தபின் அதே பாட்டை நிறுத்தாமல் வாசித்தாள். அவள் காது முதலிலிருந்தே சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. எத்தனை பேர் தங்களுக்கு இசை வராது என்று முடிவு கட்டி இந்த வாத்தியத்தை அலமாரி மேலே ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நட்டைச் சரிசெய்வது கடினமான வேலை இல்லை, நுணுக்கமான வேலை. கிட்டார் பழுதுபார்ப்பவர் யாரிடமாவது கொடுத்தால் சீக்கிரமே முடித்துவிடுவார். வாங்கும் இடத்திலேயே "செட்டப் செய்து தருவீர்களா, நட் பள்ளத்தை இறக்கித் தருவீர்களா" என்று கேளுங்கள். செய்து தருகிறேன் என்கிற விற்பனையாளரிடம் கொஞ்சம் விலை கூடினாலும் கொடுக்கலாம், தகும். உங்களுக்கே கைவேலை வரும் என்றால் பள்ளத்தின் அகலத்துக்கேற்ற மெல்லிய அரத்தால், தலைப்பகுதியை நோக்கிச் சற்றே சரிவாக, இரண்டு இழுப்பு இழுத்து, தந்தியைத் திரும்ப உட்காரவைத்துப் பார்த்து, மறுபடி இரண்டு இழுப்பு என்று போக வேண்டும். அவசரம் ஆகாது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

சில மாடல்களில் நட்டை ஒட்டி இன்னொரு ஃப்ரெட் போட்டிருப்பார்கள், ஜீரோ ஃப்ரெட் என்பார்கள். தந்தி அதன்மேல் படிந்து வருவதால் உயரம் தானாகவே சரியாக அமைந்துவிடும். விலை குறைந்த கருவியில் இதைக் கண்டால் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளலாம்.

12-வது ஃப்ரெட்

நட் முடிந்ததும் நடுவுக்கு வாருங்கள். 12-வது ஃப்ரெட் என்பது தந்தி நீளத்தின் சரிபாதி. ஸ்கேலை வைத்து நட்டின் உள்விளிம்பிலிருந்து 12-வது ஃப்ரெட் வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு 12-வது ஃப்ரெட்டிலிருந்து, உடம்பில் தந்திகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டையில் தந்தி படிகிற சேடில் என்ற சின்னப் பட்டை வரை அளந்து பாருங்கள். இரண்டாவது அளவு முதல் அளவுக்குச் சமமாகவோ, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடுதலாகவோ இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் பிரிட்ஜையே தப்பான இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் இன்னொன்று வாங்கிவிடலாம். பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காதாலும் பாருங்கள். 12-வது ஃப்ரெட்டின் நேர்மேலே தந்தியை விரலால் பட்டும் படாமல் தொட்டு மீட்டினால் மணி அடித்ததுபோல் ஒரு ஹார்மோனிக் வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டினால் அதே ஸ்வரம் வர வேண்டும். ட்யூனரில் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரு அரைஸ்வரத்தை 100 சென்ட்டாகப் பிரிக்கிறது ட்யூனர். 5 சென்ட் வித்தியாசம் பெரும்பாலான காதுகளுக்குத் தெரியாது. 10 வரை இந்த விலையில் பொறுத்துக்கொள்ளலாம். 15, 20 என்று போனால் மேல் ஃப்ரெட்டுகளில் வாசிக்கும்போது துன்பம். ஒரு தந்தி மட்டும் தப்பாக இருந்தால் அந்தத் தந்தியே சீராக இல்லாமலும் இருக்கலாம், மாற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

12-வது ஃப்ரெட்டின் மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம். இரண்டரை மில்லிமீட்டர் சுமார் இருந்தால் நல்லது. மூன்றுக்கு மேல் போனால் கை களைத்துவிடும். நட்டைவிட இதைச் சரிசெய்வது எளிது. தந்திகளைத் தளர்த்தினால் சேடில் கையோடு வந்துவிடும், அதன் அடிப்பக்கத்தைச் சமதளத்தில் விரித்த உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். ஒரு கணக்கு நினைவிருக்கட்டும்: 12-வது ஃப்ரெட்டில் 1 மி.மீ. இறங்க வேண்டுமானால் சேடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். 12-வது ஃப்ரெட் பாதி வழியில் இருப்பதால்தான் அப்படி.

ட்யூனர் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால்? தந்திகளை ஒன்றோடு ஒன்று சோதிக்கலாம். சி தந்தியின் 4-வது ஃப்ரெட், திறந்த ஈ தந்தியோடு ஒத்துப்போக வேண்டும். ஈ தந்தியின் 3-வது ஃப்ரெட் திறந்த ஜி. அதே ஈ தந்தியின் 5-வது ஃப்ரெட் திறந்த ஏ. முதலில் இவற்றை வைத்தே சுருதி சேருங்கள், பிறகு சி தந்தியின் 7-வது ஃப்ரெட்டைத் திறந்த ஜி-யோடு ஒப்பிடுங்கள். ஃப்ரெட்டுகளும் நட்டும் ஒழுங்காக இருந்தால் இதுவும் ஒத்து வரும்.

கையும் கண்ணும் பார்க்க வேண்டியவை

கழுத்தின் இரண்டு ஓரங்களிலும் விரலை மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டுங்கள். ஃப்ரெட் நுனிகள் குத்தக் கூடாது. மரம் காய்ந்தால் ஃப்ரெட் போர்டு சுருங்கும், உலோகம் சுருங்காது, அதனால் நுனிகள் வெளியே துருத்தும். லேசாக உறுத்தினால் அரம் போட்டுச் சரிசெய்யலாம். கையைக் கீறுகிற அளவு என்றால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

பிரிட்ஜின் பின்பக்க ஓரத்தில் ஒரு காகித முனையை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பசை விடத் தொடங்கிவிட்டது, அதை வாங்காதீர்கள். உள்ளே ஒலித்துளை வழியாகப் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தால் பசை வழிந்த கறைகள் தெரியலாம். அவை ஒலியை ஒன்றும் செய்யாது. ஆனால் உள்கட்டைகள் ஏதாவது விலகி நின்றால் அது வேறு விஷயம்.

ட்யூனிங் கீ நான்கையும் திருகுங்கள். பல்சக்கரம் வைத்தவை புதியவர்களுக்குச் சுலபம், சின்னச் சின்னதாகச் சுருதியை நகர்த்தலாம். பல்சக்கரம் இல்லாத உராய்வு வகையில் லேசாகத் திருகினாலே சுருதி ஓடிவிடும், பழக வேண்டும். அந்த வகையில் தந்தி வழுக்கினால் கீயின் முனையில் உள்ள திருகாணியைக் கொஞ்சம் இறுக்கினால் போதும். சுருதி சேர்க்கும்போது நட்டிலிருந்து டிங் என்று சத்தம் வந்து சுருதி சட்டென்று எகிறினால் தந்தி பள்ளத்தில் சிக்குகிறது என்று பொருள். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்துவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புதுத் தந்தி சுருதி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். நைலான் வகைத் தந்தி நீளும் தன்மை உடையது, அது அடங்க ஒரு வாரம் சுமார் ஆகும். வாங்கிய அன்றே அஞ்சு நிமிடத்துக்கு ஒருமுறை சுருதி போகிறது என்று கருவியைக் குறை சொல்லக் கூடாது. தந்தியை நடுவில் பிடித்து மெதுவாக மேலே இழுத்து விட்டு, மறுபடி சுருதி சேர்த்து, இப்படி நாலைந்து முறை செய்தால் சீக்கிரம் அடங்கும். ஒரு வாரத்துக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் கீயைச் சந்தேகப்படலாம்.

ஜிர் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு தந்தியையும் முதல் ஃப்ரெட்டிலிருந்து 12 வரை ஒவ்வொன்றாக வாசியுங்கள், அவசரமில்லாமல். திறந்த தந்தியில் மட்டும் ஜிர் என்றால் நட் பள்ளம் ஆழம். ஒரு ஃப்ரெட்டில் மட்டும் ஜிர் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கி நிற்கிறது. எங்கே அழுத்தினாலும் ஜிர் என்றால் கழுத்து பின்னோக்கி வளைந்திருக்கலாம், இல்லை ஏதோ ஒன்று தளர்ந்திருக்கலாம். பிரிட்ஜில் முடிச்சுப் போட்டு மிஞ்சிய தந்தி வால் மேல்பலகையைத் தொட்டுக்கொண்டு அதிர்வதும் உண்டு. அதை வெட்டினால் தீர்ந்தது. கீயின் திருகாணிகள் ஆடுகின்றனவா என்றும் தொட்டுப் பாருங்கள்.

மரம் பற்றி

விளம்பரத்தில் முதல் வரியில் வருவது மரம்தான். நான் கடைசியில் வைத்திருக்கிறேன், காரணம் இருக்கிறது. குறைந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் லாமினேட், அதாவது மெல்லிய அடுக்குகளை ஒட்டிய பலகை. சாலிட் என்றால் ஒரே துண்டு மரம். சாலிட் மேல்பலகை நன்றாகச் செய்தால் ஒலி விரிந்து வரும், உண்மைதான். ஆனால் அதை மெல்லியதாக இழைத்து, உலர்த்தி, சரியாகக் கட்டைகள் வைத்துச் செய்யக் காசு ஆகும். விலையைக் குறைப்பதற்காகத் தடிமனாக விட்ட சாலிட் பலகையைவிட, ஒழுங்காகச் செய்த லாமினேட் நன்றாகவே பேசும். மேலும் சாலிட் மரத்துக்குக் காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் சுகம். ரொம்பக் காய்ந்தால் வெடிக்கும். லாமினேட் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். முதல் கருவியைப் பள்ளிக்கும் பயணத்துக்கும் தூக்கிக்கொண்டு அலைவீர்கள், அதற்கு லாமினேட்டே மேல்.

விற்பவர் சாலிட் என்று சொன்னால் ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடுகள் விளிம்பில் மடங்கி அப்படியே உள்ளே தொடர்ந்தால் ஒரே துண்டு. விளிம்பில் சாண்ட்விச் மாதிரி இரண்டு மூன்று அடுக்கு தெரிந்தால் லாமினேட். விளிம்பைக் கறுப்புச் சாயம் பூசி மறைத்திருந்தால், சாலிட் என்ற பேச்சை நம்பி அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

பிளாஸ்டிக் உடம்பு என்றதும் பொம்மை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கிட்டார் வடிவமைப்பில் பெயர் பெற்ற மாரியோ மக்காஃபெர்ரி 1940-களின் இறுதியில் முழுக்கப் பிளாஸ்டிக்கில் ஐலண்டர் என்ற யுகுலேலேயைக் கொண்டுவந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆர்தர் காட்ஃப்ரே யுகுலேலே வாசித்துக் காட்டிய காலம் அது, பிளாஸ்டிக் யுகுலேலேக்கள் லட்சக்கணக்கில் விற்றன. அவற்றில் நல்ல நிலையில் இருப்பவை இன்றும் வாசிக்கப்படுகின்றன. வார்ப்பில் செய்யும்போது ஃப்ரெட்டின் இடம் ஒவ்வொரு கருவியிலும் ஒரே மாதிரி அமையும் என்பது அதன் பலம். பார்க்க வேண்டியது பொருளை அல்ல, சுருதியை. பொம்மை என்று நான் ஒதுக்குவது எதை என்றால், மீன் பிடிக்கும் நரம்பு மாதிரி நான்கும் ஒரே தடிமனில் கட்டியிருப்பது, கீ தானாகவே திரும்பிவிடுவது, 12-வது ஃப்ரெட்டில் பக்கத்து ஸ்வரமே கேட்பது. இவற்றை எந்தச் செட்டப்பும் காப்பாற்றாது.

தந்தி மாற்றுவதுதான் குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் வேலை. மலிவான கருவியில் மங்கலாகக் கேட்கிற சி தந்தி, நல்ல செட் போட்டதும் தெளிவாகிவிடும். இத்தாலியின் அக்விலா செய்யும் நைல்கட் தந்திகளும், ஃப்ளோரோகார்பன் தந்திகளும் பரவலாகப் பயன்படுகின்றன. ஃப்ளோரோகார்பன் மெலிதாகவும் பளிச்சென்றும் இருக்கும். நைல்கட் சற்றுத் தடிமன், பழைய நட் பள்ளம் குறுகலாக இருந்தால் சிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அளவுக்கு உரிய செட்டையே வாங்குங்கள். சொப்ரானோ செட்டை டெனோரில் போட்டால் நீளம் போதாமல் போகலாம்.

மாடல் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: சொப்ரானோவில் காலா கேஏ-15எஸ், ஒஹானா எஸ்கே-10 இரண்டும் லாமினேட் மஹோகனி, அலங்காரம் எதுவும் இல்லாத எளிய கருவிகள். ஆரம்பத்துக்கு இந்த வகையைத்தான் நான் கையில் எடுக்கச் சொல்வேன். அவற்றையும் மேலே சொன்ன சோதனைகளைச் செய்துவிட்டுத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இணையத்தில் வாங்கும்போது, பழையது வாங்கும்போது

தொட்டுப் பார்க்க முடியாது என்பதால் திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா, எத்தனை நாள், அனுப்பும் செலவு யாருடையது என்று முதலில் படியுங்கள். அது இல்லாத இடத்தில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பை, பட்டை, பிக், ட்யூனர், ஸ்டாண்ட் என்று பத்துப் பொருள் சேர்த்துத் தரும் செட்டில் அவ்வளவுக்கும் சேர்த்துத்தான் விலை. அந்தக் காசு கருவிக்குள் போயிருந்தால் நல்லது. பை ஒன்று இருந்தால் போதும், ட்யூனர் போனில் இருக்கிறது.

பழைய யுகுலேலே நல்ல வாய்ப்பு, ஏற்கெனவே யாராவது நட்டைச் சரிசெய்து வைத்திருக்கக்கூடும். விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: நட்டை நெருக்கத்தில், பிரிட்ஜைப் பக்கவாட்டில், கழுத்தைத் தலைப்பக்கத்திலிருந்து நீளவாக்கில். மேல்பலகையில் முடிபோல் ஓடும் விரிசல், பிரிட்ஜின் கீழே கருப்புக் கோடு, கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் பிளவு, இந்த மூன்றில் எது தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். தந்தி அறுந்தது, தூசி, கீறல் இவை எல்லாம் பேரம் பேசத்தான் உதவும்.

பெட்டி வந்ததும் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கிழித்துப் போட்டுவிட வேண்டாம். அன்றே சுருதி சேர்த்து நட், எஃப் கார்டு, 12-வது ஃப்ரெட் மூன்றையும் பார்த்துவிடுங்கள். தந்தி நீண்டு அடங்கக் காத்திருக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் சுருதியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டால் போதும். தப்பு தெரிந்தால் ட்யூனர் முள்ளும் அழுத்திய விரலும் ஒரே படத்தில் தெரியும்படி வீடியோ எடுத்து விற்பனையாளருக்கு அனுப்புங்கள். "சத்தம் நல்லா இல்லை" என்று எழுதினால் புதுத் தந்தி அப்படித்தான் இருக்கும் என்று பதில் வரும். "ஈ தந்தி திறந்தபடி சரி, முதல் ஃப்ரெட்டில் 25 சென்ட் ஏறுகிறது" என்று எழுதினால் மறுபேச்சு பேச முடியாது, மாற்றித் தருவார்கள் அல்லது நட்டைச் சரிசெய்யும் செலவை ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்கும்.